வாசகர் கேள்வி பதில்: கணக்கு நோட்டு யாரு கையில?

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஆப்பு, ஏஐ, வேலை, சம்பளம். போன மாசம் டெலிவரி பசங்களப் பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன், அதுலேர்ந்து தபால், மெயில், வாட்ஸ்அப்னு வந்துகிட்டே இருக்கு. அதனால இந்த தடவை மத்த கேள்விங்களை எல்லாம் எடுத்து வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன். நிறைய பேரு "பேரு போட்டுடாதீங்க அக்கா, ஆப்ல என் வேலை ஐடி போயிடும்"னு கேட்டிருக்கீங்க. ஒரு கேள்வி கேக்கறதுக்கே இவ்ளோ பயப்பட வேண்டியிருக்குன்றதைப் படிக்கும்போது மனசு கஷ்டமா இருந்துச்சு. யாருக்குமே பேரு போடல, ஊரு மட்டும்தான்.

அக்கா, நான் மூணு வருஷமா சாப்பாடு டெலிவரி ஓட்டறேன். அதே அண்ணா நகர் ஜோன், அதே நாலு கிலோமீட்டர், ஆனா ஒரு நாள் 32 ரூபா விழுது, ஒரு நாள் 24 ரூபா விழுது. டீம் லீடர் கிட்ட கேட்டா "எனக்கே தெரியாது தம்பி, சிஸ்டம் போடுது"ன்றாரு. அப்போ எனக்கு முதலாளி யாருக்கா, சிஸ்டமா?
(வில்லிவாக்கத்துலேர்ந்து ஒரு தம்பி)

தம்பி, இதைப் படிச்சதும் எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவரு திருவல்லிக்கேணியில ஒரு பிரஸ்ல கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒண்ணொண்ணா அறை அறையா இருக்கற கேஸ்லேர்ந்து பொறுக்கி ஸ்டிக்ல கோக்கணும், தமிழ்னா அறைங்க வேற ஜாஸ்தி, ஆனா அவரு கண்ணு கையெழுத்துப் பிரதி மேலதான் இருக்கும், கை தானா போய் சரியான அறையில விழும். பக்கத்துக்கு இவ்ளோன்னு கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப்பிள்ளை நீள நோட்டைத் தொறந்து வெச்சுகிட்டு உக்காந்திருப்பாரு, எங்கப்பா தன் சட்டைப் பாக்கெட்ல இருக்கற சின்ன டைரியை எடுப்பாரு. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா அங்கேயே நின்னு சண்டை போடுவாரு, "நோட்டைத் திருப்பி வைய்யா, நான் பாக்கணும்"னு. முதலாளி ஒண்ணும் தங்கமான ஆளு கெடையாது. ஆனா நோட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைப் பாக்க முடிஞ்சுது, கதவுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல போய் நிக்க முடிஞ்சுது.

உன் விஷயத்துல நோட்டு முழுசா அவங்க சர்வர்ல இருக்கு, உன் போன்ல வர்றது கடைசி வரி மட்டும்தான். அந்த 24 ரூபாக்குப் பின்னாடி தூரம், ஓட்டல்ல வெயிட்டிங், அந்த நேரத்துல எத்தனை ஆர்டரு, பக்கத்துல எத்தனை பேரு லாகின்ல இருக்காங்க, மழையா வெயிலா, இப்படி என்னென்னவோ போகலாம். அது மட்டும் இல்ல, நீங்க எல்லாரும் எந்த ரேட்டுக்கு ஆர்டரை எடுக்கறீங்க எந்த ரேட்டுக்கு விடறீங்கன்றது ஒவ்வொண்ணும் பதிவாகுது, அதனால இந்த ஜோன்ல இந்த நேரத்துல எவ்ளோ குறைவா குடுத்தா ஆளு வரும்னு கண்டுபிடிக்கறதுக்குத் தேவையான எல்லா தகவலும் அவங்க கிட்ட இருக்கு. உனக்கோ பக்கத்துல அதே டீக்கடையில நிக்கறவனுக்கு என்ன விழுந்துச்சுன்னு கூட தெரியாது, அவன் போனை எட்டிப் பாத்தாதான் தெரியும். மார்க்கெட்ல ஒருத்தனுக்கு எல்லாரோட விலையும் தெரிஞ்சு, இன்னொருத்தனுக்கு தன் விலை மட்டும் தெரிஞ்சா பேரம் எப்படி நியாயமா நடக்கும், சொல்லு. என்னைக் கேட்டா ஏஐ, ஆப்புன்னு நாம பேசற ஏற்றத்தாழ்வு முக்கால்வாசி இந்த ஒரு எடத்துலதான் ஆரம்பிக்குது.

நீ எழுதியிருக்கற கணக்கையே போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், வண்டி 45 மைலேஜ், பெட்ரோல் லிட்டரு நூறு ரூபா சொச்சம், அதுவே 270 ரூபா ஆச்சு. அப்புறம் ஆயில், டயரு, செயின், போன் ரீசார்ஜ், வண்டி டியூ. ஆப்ல காட்டற "இன்றைய வருமானம்" உன் வருமானம் கெடையாது தம்பி, கடைக்காரரு கல்லாவுல விழற காசு மாதிரி அது, சரக்கு வாங்கின காசை கழிச்சாதான் லாபம். இதை ஒரு நோட்டுல நீயே எழுது, எங்கப்பா மாதிரி. லாகின் எத்தனை மணி, வெயிட்டிங் எவ்ளோ, ஆர்டருக்கு எவ்ளோ, ஒரே ஓட்டத்துல ரெண்டு மூணு சேத்துக் குடுக்கற பேட்ச் ஆர்டரா இல்லையா. ஒருத்தன் எழுதினா டைரி, முப்பது பேரு எழுதி ஒண்ணா வெச்சா அது சாட்சி.

முதலாளி யாருன்னு கேட்டியே. நம்ம நாட்டு சட்டம் இதுல பாதி வழிதான் வந்திருக்கு. 2020ல பாஸான சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21லேர்ந்து நடைமுறைக்கு வந்திருக்கு, அதுல கிக் தொழிலாளி (நிரந்தர வேலை இல்லாம அப்பப்போ செய்யற வேலைக்கு காசு வாங்கறவங்க), பிளாட்பார்ம் தொழிலாளி (உன்னை மாதிரி ஆப் மூலமா வேலை பாக்கறவங்க)ன்ற பேரே மொத தடவையா மத்திய சட்டத்துல ஏறிச்சு. கம்பெனிங்க தங்களோட வருஷ டர்ன்ஓவர்ல 1லேர்ந்து 2 சதவீதம் உங்க நலனுக்குன்னு ஒரு நிதியில போடணும், ஆனா உங்களுக்குக் குடுக்கற தொகையில 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு. நல்லதுதான். ஆனா அதே சட்டம் உங்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளிய இருக்கறவங்கன்னுதான் வரையறை பண்ணுது, அதனால குறைஞ்சபட்ச கூலி, வேலை நேரம், ஓவர்டைம் இதெல்லாம் உன் கிட்ட வந்து சேரல. கர்நாடகா 2025ல கொண்டு வந்த சட்டம் எனக்கு இதை விடப் பிடிச்சிருக்கு, ஐடியை நிரந்தரமா தூக்கணும்னா காரணம் எழுதி 14 நாள் முன்னாடி சொல்லணும், ரேட்டு, வேலை ஒதுக்கறது இதையெல்லாம் மெஷின் எப்படி முடிவு பண்ணுதுன்னு தொழிலாளி கேட்டா விளக்கணும்னு அதுல இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2023 டிசம்பர்ல தனி நல வாரியம் அமைச்சாங்க, 2025-26 பட்ஜெட்ல 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபா மானியம் அறிவிச்சாங்க. வாரியத்துல நீ இன்னும் பதியலைன்னா இந்த வாரமே பதிஞ்சுடு. ஆனா மானியம் வேற, நோட்டைப் பாக்கற உரிமை வேற. அது இன்னும் நமக்கு வரல.

வராதுன்னு இல்ல. லண்டன்ல ஊபர் டிரைவருங்க 2016ல தொழிலாளர் தீர்ப்பாயத்துல ஜெயிச்ச கேஸு 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், அவங்க தொழிலாளிங்கதான்னு தீர்ப்பு வந்துச்சு, சவாரி இருக்கற நேரம் மட்டும் இல்ல, ஆப்பை ஆன் பண்ணிட்டு சவாரி எடுக்கத் தயாரா காத்திருக்கற நேரமும் வேலை நேரம்தான்னு கோர்ட்டு சொல்லிச்சு. உன் ஓட்டல் வாசல் வெயிட்டிங்கை நெனச்சுப் பாரு. ஸ்பெயின்ல அதே 2021ல டெலிவரி தொழிலாளிங்களுக்குன்னு சட்டம் போட்டு, அல்காரிதம் எந்த அடிப்படையில முடிவு எடுக்குதுன்னு தொழிலாளர் பிரதிநிதிங்க கிட்ட சொல்லணும்னு ஆக்கிட்டாங்க. அவ்ளோ தூரம் ஏன், உன் வில்லிவாக்கத்துக்குப் பக்கத்துல பெரம்பூரு. 1918 ஏப்ரல்ல பி அண்ட் சி துணி மில் தொழிலாளிங்க மத்தியான சாப்பாட்டுக்கு விடற நேரம் பத்தலைன்றது மாதிரி குறைங்களோட ஒண்ணு சேந்துதான் சென்னை தொழிலாளர் சங்கம் வந்துச்சு, பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாரும் அதுல இருந்தாங்க. அப்போ சங்கம் வெக்கறதுக்கு சட்டப் பாதுகாப்பே கெடையாது, வாடியா மேல மில்லு கேஸே போட்டுச்சு, கோர்ட்டும் மில்லு பக்கம்தான் நின்னுச்சு. அந்தக் கேஸு கெளப்பின கொதிப்புதான் 1926 தொழிற்சங்க சட்டம் வர்றதுக்கு ஒரு முக்கிய காரணம். எட்டு வருஷம் ஆச்சு தம்பி. ஆனா வந்துச்சு.

ஏனுங்க, நாங்க பவானியில ஜமக்காளம் நெய்யற குடும்பமுங்க. பையன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கறானுங்க, பேங்க்ல லோன் போட்டுத்தானுங்க சேத்தோம். இப்ப ஏஐயே கோடு எழுதிப்போடுதுன்னு டிவியில சொல்றாங்க. படிப்பை மாத்தச் சொல்லட்டுங்களா?
(பவானியிலேர்ந்து ஒரு அம்மா)

மாத்தாதீங்கம்மா. ரெண்டு வருஷம் படிச்சதை விட்டுட்டு எதுக்குப் போனாலும் அங்கேயும் இதே ஏஐ வந்து நிக்கும்.

ஆனா உங்க பயம் வீண் பயம்னு நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில டிசிஎஸ் சுமார் 12,000 பேரை வேலையை விட்டு எடுக்கப் போறதா அறிவிச்சப்ப, இது ஏஐயால இல்லன்னு கம்பெனி சொல்லிச்சு. இருக்கலாம். நான் கவலைப்படறது வேற எடத்துல. ஐடி கம்பெனிங்க இத்தனை வருஷமா கோபுரம் மாதிரி இருந்துச்சு, அடியில படிப்பு முடிச்சு புதுசா சேர்ற பிரஷர்ஸ் ஆயிரக்கணக்குல, மேல போகப் போக ஆளு கம்மி. அந்த அடித்தட்டு வேலை, சின்னச் சின்ன கோடு எழுதறது, டெஸ்டிங், கஸ்டமர் புகார் டிக்கெட் பாக்கறது, இதைத்தான் ஏஐ மொதல்ல எடுத்துக்குது. எரிக் பிரின்ஜோல்ஃப்சன்னு ஒரு பொருளாதார பேராசிரியரு, ஸ்டான்ஃபோர்டுல இருக்காரு, அவரோட ரெண்டு ஆராய்ச்சியை சேத்துப் படிச்சா நெலமை புரியும். 2023ல வந்த ஒண்ணுல கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கற 5,000 பேருக்கு மேல பாத்தாங்க, ஏஐ உதவி குடுத்தப்ப அனுபவம் இல்லாத புதுசுங்களோட வேலைத் திறன் 34 சதவீதம் கூடிச்சு, பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு பெருசா வித்தியாசம் இல்ல. அப்படின்னா ஏஐ ஏழை எளிய பசங்களைத் தூக்கி விடும்னு தோணும் இல்லையா? 2025ல வந்த இன்னொண்ணுல அமெரிக்காவுல ஏஐ அதிகமா நொழையற வேலைங்கள்ல 22லேர்ந்து 25 வயசு பசங்களுக்கு வேலைவாய்ப்பு மத்தவங்களை ஒப்பிட்டா 13 சதவீதம் கொறைஞ்சிருக்குன்னு வந்துச்சு. ரெண்டும் உண்மைதான். உள்ள போயிட்ட புதுசை ஏஐ தூக்கி விடுது, ஆனா உள்ள போற கதவு சின்னதாகுது. கதவு சின்னதானா மொதல்ல வெளிய நிக்கறது யாரு, இங்கிலீஷ் மீடியம் படிச்சு, அப்பாவோ மாமாவோ கம்பெனியில இருக்கற பையன் இல்ல, உங்க பையன் மாதிரி மொத தலைமுறைப் பசங்கதான். நம்ம ஊர்ல இன்னொரு விஷயமும் இருக்கு, பெரிய கம்பெனிங்கள்ல பிரஷர் சம்பளம் வருஷத்துக்கு மூணு, மூணரை லட்சத்துலேயே பத்து வருஷத்துக்கு மேல நிக்குது, அரிசி பருப்பு விலை எங்கேயோ போயிடுச்சு. அது ஏஐ வர்றதுக்கு முன்னாடியே நடந்த அநியாயம்.

பையன் கிட்ட இதைச் சொல்லுங்க: ஏஐயை வெச்சு அசைன்மென்ட் முடிக்கறவனா இருக்காத, ஏஐ எழுதின கோடுல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கறவனா இரு. அதுக்கு அடிப்படை தெரிஞ்சிருக்கணும், டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க்கு, டேட்டாபேஸ் எல்லாம் பழைய பாடம்தான், அதை விடாம படிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒரு தொழிலை நல்லா தெரிஞ்சவனுக்கு மதிப்பு கூடும், நெசவு, சாயப்பட்டறை, ஜவுளி ஏற்றுமதின்னு உங்க வீட்டுலயும் ஊருலயும் இருக்கற அறிவு சாதாரணமானது இல்ல. லோனை நெனச்சு ராத்திரி தூக்கம் கெடுத்துக்காதீங்க, பொதுவா கல்விக் கடன்ல படிப்பு முடிஞ்சும் ஒரு வருஷம் வரைக்கும் தவணைக்கு அவகாசம் இருக்கும், உங்க பத்திரத்துல என்ன போட்டிருக்குன்னு பேங்க்ல கேட்டு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணும்மா. நீங்க நெய்யற ஜமக்காளம் 1985 கைத்தறி ஒதுக்கீட்டு சட்டத்துல இருக்கு, விசைத்தறியில அதை நெய்யக் கூடாதுன்னு. அந்த சட்டத்தை மீறி எவ்ளோ விசைத்தறி ஜமக்காளம் சந்தையில கெடக்குன்னு உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும், உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனாலும் நான் அதை ஏன் சொல்றேன்னா, மெஷின் எங்க வரலாம் எங்க வரக் கூடாதுன்னு ஒரு நாடு உக்காந்து முடிவு பண்ணின வரலாறு நம்ம கிட்டயே இருக்கு. ஏஐ மழை மாதிரி தானா வந்து விழுது, நாம குடை மட்டும்தான் பிடிக்க முடியும்னு பேசறவங்களை நம்பாதீங்க.

நானும் டிடிபி (கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கறது), புரூஃப், மொழிபெயர்ப்புன்னு இருபது வருஷமா இருக்கேன். இப்போ ஏஐ மொழிபெயர்த்ததை "சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க"ன்னு பாதி ரேட்டுக்கு அனுப்பறாங்க. நேரம் என்னவோ அதேதான் ஆகுது.
(புதுச்சேரி)

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். எங்கப்பா பிரஸ்ல ஆறு கம்பாசிட்டர் இருந்தாங்க. கம்ப்யூட்டர் வந்த வருஷம் நாலு பேரை நிறுத்தினாங்க, எங்கப்பாவை புரூஃப் பாக்கச் சொல்லி சம்பளத்தைக் கொறைச்சாங்க. அடுத்த வருஷமே நான் டிடிபி கத்துகிட்டு இன்னொரு எடத்துல வேலைக்குப் போனேன். புது வேலை வந்துச்சு, நிஜம்தான். ஆனா அது வந்தது எனக்கு, போனது அவருக்கு. அம்பது வயசுல, ஈயத்துல கறுத்துப் போன விரலை வெச்சுகிட்டு, சிவப்பு பேனாவோட ஒரு மூலையில உக்காந்திருந்தாரு. "ஒரு வேலை போனா இன்னொரு வேலை வரும்"னு சொல்றவங்க, போறது யாருக்கு வர்றது யாருக்குன்னு சொல்றதே இல்ல.

உங்களுக்கு நடைமுறையா ஒண்ணு சொல்றேன். "சும்மா பாக்கறது"ன்னு ஒரு வேலையே கெடையாது, அதுக்குப் பேரு எடிட்டிங், மூலத்தோட வரி வரியா ஒப்பிட்டுப் பாக்கணும்னா மணிக் கணக்குல ரேட்டு கேளுங்க, வார்த்தைக் கணக்குல ஒத்துக்காதீங்க. ஒரு பத்து பக்கத்துக்கு எவ்ளோ நேரம் ஆச்சு, எத்தனை தப்பு திருத்தினீங்கன்னு காட்டி பில்லோட அனுப்புங்க. ஹாலிவுட்ல 2023ல எழுத்தாளருங்க 148 நாள் வேலைநிறுத்தம் பண்ணி ஒப்பந்தத்துல எழுதி வாங்கினாங்க: ஏஐயை உபயோகிக்கச் சொல்லி கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாது, எழுத்தாளருக்கு கம்பெனி குடுக்கற சரக்கு ஏஐ எழுதினதா இருந்தா முன்னாடியே சொல்லணும். ஏஐயே வேண்டாம்னு அவங்க சொல்லல, எந்தக் கணக்குலன்னு கேட்டாங்க. நம்ம ஊரு மொழிபெயர்ப்பாளருங்க, புரூஃப் ரீடருங்க, டப்பிங் பேசறவங்க ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஆளுக்கு என்ன ரேட்டுன்னு வெளிப்படையா பேச ஆரம்பிச்சாலே பாதி கெடைக்கும். இப்போ ஒருத்தருக்கு ஒருத்தரு மறைக்கறோம், அதுதான் அவங்களுக்கு வசதி.

அக்கா, எங்க ஊர்லயே ஒரு கம்பெனி இருக்கு, படத்துல கார், பஸ், ஆளு எல்லாத்தையும் சுத்தி பெட்டி போட்டு பேரு குடுக்கணும், ஏஐக்கு கத்துக் குடுக்கற வேலைன்னு சொல்றாங்க. பி.எஸ்சி முடிச்சதும் சேந்தேன். நான் கத்துக் குடுத்தே என் வேலை போயிடுமாக்கா?
(நாமக்கல் மாவட்டம், மல்லசமுத்திரம் பக்கம்)

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, உன் கடிதத்துல இருந்த ஒரு வரி என்னை என்னவோ பண்ணிடுச்சு. "பனி கொட்டற ரோட்டுல போற மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸை ஒரு நாளைக்கு நூறு தடவை பாக்கறேன், பனியை நேர்ல பாத்ததே இல்ல"ன்னு எழுதியிருந்த. இந்த உலகத்துல "தானா ஓடற கார்"னு பெருமையா பேசறாங்களே, அதோட கண்ணு நீயும் உன்னை மாதிரி பொண்ணுங்களும் போட்ட பெட்டி.

1770ல ஆஸ்திரியாவுல கெம்பெலன்னு ஒருத்தரு தானா செஸ் ஆடற ஒரு பொம்மை செஞ்சாரு, தலைப்பாகை கட்டின துருக்கி ஆளு மாதிரி. ஐரோப்பாவே அசந்து போச்சு. ஆனா பொம்மையோட பெட்டிக்குள்ள ஒரு நல்ல செஸ் ஆட்டக்காரன் மடங்கி உக்காந்திருந்தான். அமேசான் 2005ல ஆன்லைன்ல சின்னச் சின்ன வேலைக்கு ஆளு பிடிக்கற ஒரு தளம் ஆரம்பிச்சப்ப அந்த பொம்மையோட பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க, மெக்கானிக்கல் டர்க்னு. இன்னிக்கு ஏஐக்கு அஸ்திவாரமா சொல்ற இமேஜ்நெட்னு ஒரு படத் தொகுப்பு இருக்கு, அதை அந்தத் தளம் வழியா 167 நாட்டுலேர்ந்து 49,000 பேரு சேந்து பேரு போட்டுக் குடுத்தாங்க. அந்தத் தொகுப்பை உருவாக்கின விஞ்ஞானிங்களை உலகத்துக்குத் தெரியும், 49,000 பேருல ஒருத்தரு பேரு உனக்கோ எனக்கோ தெரியுமா? சாட்ஜிபிடி வந்தப்பவும் இதேதான், அது அசிங்கமா பேசாம இருக்கறதுக்காக மோசமான எழுத்தையெல்லாம் படிச்சுப் படிச்சு குறி போட்டவங்க கென்யாவுல இருக்கற தொழிலாளிங்க, கையில வாங்கினது மணிக்கு 2 டாலருக்கும் கம்மின்னு 2023 ஜனவரியில டைம் பத்திரிகை வெளிய கொண்டு வந்துச்சு. இன்னொரு பக்கம் ஏஐக்கு சிப்பு செய்யற என்விடியாவோட சந்தை மதிப்பு 2023ல 1 டிரில்லியன் டாலரைத் தாண்டி, 2025 ஜூலையில 4 டிரில்லியனைத் தொட்டுச்சு. ஒரே சங்கிலியோட ரெண்டு நுனி இது.

உன் கேள்விக்கு நேர்ப் பதில்: நீ இப்போ செய்யற சாதாரண பெட்டி வேலை கொறையும். மெஷினே மொதல்ல பெட்டி போட்டுடும், நீ சரி பாத்தா போதும்னு வரும், அப்படி வரும்போது ஒரு படத்துக்கு இவ்ளோன்னு இருக்கற டார்கெட்டை ஏத்துவாங்க, உன் கடிதத்தைப் பாத்தா அது ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு போல. ஆனா மெஷினுக்குப் புரியாத எடம் தீராது. மருத்துவ ஸ்கேன், கோர்ட்டு ஆவணம், தமிழ் பேச்சு, அதுலயும் உங்க ஊரு பேச்சு, இதுக்கெல்லாம் தெரிஞ்ச மனுஷங்க வேணும். மத்தவங்க வேலையை சரி பாக்கற கியூசிக்குப் போறதுக்கு இப்பவே கேளு, எந்தெந்த புராஜெக்ட்ல எத்தனை மாசம் வேலை பாத்தேன்னு லெட்டர் வாங்கி வெச்சுக்கோ, பிஎஃப் பிடிக்கறாங்களான்னு பாரு. கொடூரமான படம், வீடியோ பாக்கற புராஜெக்ட் குடுத்தா அதுக்கு கவுன்சிலிங் உண்டான்னு கேக்காம சேராத, அது மனசுல தங்கிடும்.

ஒரு விஷயத்துல எனக்கு சந்தோஷம்தான், அதையும் சொல்லணும் இல்லையா. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஹாஸ்டல்ல எட்டு பேரோட ஒரு ரூம்ல கெடக்காம, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு டவுன் பஸ்ல போயிட்டு வந்து உன் பேருல சம்பளம் வாங்கற. "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்னு சொல்லிட்டேன்"னு எழுதியிருந்தியே, அதை விட்டுடாத.

சும்மா ஊரு சுத்திகிட்டிருந்த பசங்களுக்கு ஆப் கம்பெனிங்க வேலை குடுத்திருக்காங்க, யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல. பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போகட்டுமே. நீங்க எதுக்கு இவ்ளோ கொதிக்கிறீங்க?
(கோயம்புத்தூர்)

சார், உங்க பேச்சுல பாதி நியாயம் இருக்கு, அதை மொதல்ல ஒத்துக்கறேன். சிபாரிசு வேண்டாம், டெபாசிட் வேண்டாம், என்ன சாதி, எந்த ஊருன்னு யாரும் கேக்கறதில்ல, ரெண்டு நாள்ல ஐடி வந்துடும், வாராவாரம் காசு அக்கவுன்ட்ல விழுந்துடும். நம்ம ஊர்ல வேலை தேடி அலைஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். நானும் ஆர்டர் பண்றேன்.

விட்டுட்டுப் போகட்டும்னு சொல்றீங்களே, எங்க போவாங்க? வண்டி டியூ, வாடகை, தங்கச்சி பீஸு எல்லாம் அடுத்த வாரம் நிக்குது. நிதி ஆயோக் 2022ல குடுத்த அறிக்கையில 2020-21ல 77 லட்சமா இருந்த கிக் தொழிலாளிங்க 2029-30ல 2.35 கோடி ஆவாங்கன்னு கணக்கு போட்டிருக்கு. இவ்ளோ பேரு போற ஒரு வழியை "பிடிச்சா இரு, இல்ல போ"ன்னு விட்டுட முடியுமா? இந்த நாட்டுல 2022-23ல மேல இருக்கற 1 சதவீதம் பேரு கையில மொத்த சொத்துல 40.1 சதவீதம் இருக்குன்னு வேர்ல்ட் இன்ஈக்வாலிட்டி லேப் கணக்கு சொல்லுது. அந்தப் பள்ளத்துல நிக்கறவனுக்கு ஒரு ஏணி வந்திருக்கு, சரி, ஆனா அந்த ஏணியோட படியை எப்ப வேணா எவ்ளோ வேணா உருவிக்கலாம், காரணம் கூட சொல்ல வேண்டாம்னா அது ஏணியா? வேலை குடுத்தது பெரிய விஷயம்தான். அதுக்காக கணக்கு காட்டாம இருக்க உரிமை கெடையாது.

ஆத்தா, பத்து நிமிஷ டெலிவரி வந்ததுலேர்ந்து பாலு, முட்டை கூட என் கடையில எவனும் வாங்குறதில்ல. எப்படிப் பொழைக்க?
(வேளச்சேரியில மளிகைக் கடை வெச்சிருக்கற அண்ணாச்சி)

அண்ணாச்சி, அவங்க விக்கற விலைக்கு உங்களுக்கு கொள்முதலே ஆகாதுன்னு எனக்குத் தெரியும். முதலீட்டுக்காரங்க காசுல நஷ்டத்தைத் தாங்கி விக்கறதை உங்க கல்லாவால எதிர்த்து நிக்க முடியாது, அது உங்க தெறமைக் குறைவு இல்ல. விநியோகஸ்தருங்க கூட்டமைப்பு 2024லேர்ந்தே, வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற போட்டி ஆணையத்துக்கிட்ட இதைத்தான் முறையிடுது, வணிகர் சங்கம் மூலமா நீங்களும் உங்க பக்கத்து கடை விலை விவரத்தோட எழுதிக் குடுங்க. கடையில மாசக் கணக்கு எழுதி வாங்கறவங்க, சில்லறையா அம்பது கிராம் கடுகு கேக்கறவங்க, வயசானவங்க, இவங்களை விட்டுடாதீங்க, அந்த நோட்டு உங்க கிட்ட மட்டும்தான் இருக்கு.

வீட்டுக்காரரு டெலிவரி ஓட்டறாரு. போன மாசம் ஒரு வேன் இடிச்சு கால்ல கம்பி வெச்சிருக்கு. ஆர்டர் குடுத்துட்டு திரும்பி வர்ற வழியில நடந்ததால "அப்போ ஆர்டர் கையில இல்ல, இன்ஷூரன்ஸ் வராது"ன்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலக்கா, யாரைப் போய் பாக்கறது?
(ஆவடி)

தங்கச்சி, அழாத. இதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் சேத்துப் பண்ணு.

கம்பெனி இன்ஷூரன்ஸை அப்படியே விட்டுடாத. அன்னிக்கு அவரு எத்தனை மணிக்கு லாகின் பண்ணாரு, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு முடிஞ்சுது, அதுக்கப்புறம் லாகின்லயே இருந்தாரான்னு ஆப்ல இருக்கற ஹிஸ்டரியை இன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடு, ஐடியை நிறுத்திட்டா அது உன் கண்ணுல படாம போயிடும். போன்ல கூகுள் டைம்லைன் ஆன்ல இருந்தா அதையும் எடுத்து வை. ஏன் குடுக்க மாட்டேன்னு சொல்றாங்கன்றதை வாயில கேக்காத, மெயில்ல எழுத்தா வாங்கு.

ரெண்டாவது, இது ரொம்ப பேருக்குத் தெரியறதில்ல, இடிச்ச வேனோட இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல நீங்க நேரா மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல நஷ்ட ஈடு கேக்கலாம். அதுக்கு இவரு கையில ஆர்டர் இருந்துச்சா இல்லையான்றது ஒரு பொருட்டே இல்ல, ரோட்டுல போன யாரா இருந்தாலும் கேக்கலாம். விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல இருக்கு, அதனால தள்ளிப் போடாத. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் காப்பி வாங்கு, அதுல வேன் நம்பர் சரியா இருக்கான்னு நீயே பாரு. வக்கீலுக்கு காசு இல்லன்னு எழுதியிருந்த, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணு, இல்லைன்னா உங்க மாவட்ட கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு போர்டு போட்டிருக்கும், நேரா போ. அவரு வாராவாரம் வாங்கின பேமென்ட் பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கும், ஒரு வருஷத்துக்கு எடு, வருமானம் எவ்ளோ போச்சுன்றதுக்கு அதுதான் ஆதாரம். ஆஸ்பத்திரி பில்லு, மருந்துச் சீட்டு, ஆட்டோவுக்குக் குடுத்தது வரைக்கும் ஒண்ணு விடாம ஒரு கவர்ல போட்டு வை. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினலை மட்டும் யாரு கேட்டாலும் கைய விட்டுக் குடுக்காத, ஜெராக்ஸ் குடு.